கிருஷ்ணகிரியிலிருந்து சிங்கப்பூருக்கு: முதல்முறை செல்பவர்கள் தங்குமிடம் தேடும் முறை

கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள ஒரு லாட்ஜுக்குப் போய் ஆதார் அட்டையைக் காட்டிச் சாவியை வாங்கிக்கொண்டால், பெரும்பாலும் அந்த நிமிடத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் அறை நம்முடையது. இருவர் அறையில் நால்வர் தங்க நேர்ந்தால், மேலாளரிடம் சொல்லி ஒரு பாயையும் தலையணையையும் கூடுதலாக வாங்கிக்கொள்கிறோம். வாடகை அதிகம் என்று தோன்றினால் அங்கேயே நின்று பேசி நூறு இருநூறு குறைத்துக்கொள்கிறோம். சிங்கப்பூரில் இவற்றில் ஒன்றும் நடக்காது. அங்கே அறையின் நாள் கடிகாரப்படி தொடங்கிக் கடிகாரப்படி முடிகிறது, எத்தனை பேர் என்று பதிவில் எழுதினோமோ அத்தனை பேருக்கு மட்டுமே இடம், திரையில் தெரியும் வாடகையோ பல நேரங்களில் முழு வாடகையாக இருப்பதில்லை. நம் மாவட்டத்திலிருந்து முதல்முறையாக அங்கே செல்பவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த வேறுபாடுகள் தெரியாததால்தான் என்பதை, என் உறவினர்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் அறை பதிவு செய்து கொடுத்தபோது பலமுறை பார்த்திருக்கிறேன்.

எனவே மலிவான அறை எது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, எத்தனை மணிக்கு இறங்குகிறோம், இறங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் பெட்டியுடன் நடக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை தேடிக்கொள்ளுங்கள். கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில் அமைந்தது.

விசாவுக்கு முன் பணத்தைக் கட்டாதீர்கள்

இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருப்பவர்கள் சிங்கப்பூருக்குச் செல்ல விசா வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாக விண்ணப்பிக்கலாம். பயணத் தேதிக்கு முந்தைய 30 நாட்களுக்குள் விண்ணப்பிப்பது வழக்கம். அரசுக் கட்டணம் 30 வெள்ளி, விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. முகவரின் கூலி தனி. சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை ‘வெள்ளி’ என்றும் சென்ட்டைக் ‘காசு’ என்றும் சொல்வார்கள். நீங்களும் அப்படியே சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். மனக்கணக்குக்கு ஒரு வெள்ளியை 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் போதும். துல்லியமான மதிப்பைப் புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

முகவர் தங்குமிடப் பதிவின் நகலைக் கேட்பார். இங்கேதான் பலர் அவசரப்பட்டு, விலை குறைவாக இருக்கிறதே என்று, ரத்து செய்தால் பணம் திரும்பாத வகையில் பதிவு செய்துவிடுகிறார்கள். விசா கையில் வரும் வரை ‘இலவச ரத்து’ என்று குறிப்பிடப்பட்ட அறையை மட்டுமே பதிவு செய்யுங்கள். அந்த இலவசம் எந்தத் தேதி வரைக்கும், எந்த ஊர் நேரப்படி என்பதையும் பார்த்து நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால், அங்கே நள்ளிரவில் முடியும் கெடு நமக்கு இரவு 9:30 மணிக்கே முடிந்துவிடும். விசா கிடைத்த பிறகு வேறு நல்ல அறை தென்பட்டால் பழையதை விட்டுவிட்டு மாறிக்கொள்வதில் நட்டமில்லை.

கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் நிலையில் இருக்க வேண்டும். இறங்குவதற்கு முன், இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள், சிங்கப்பூர் வருகை அட்டையை (SG Arrival Card) அந்நாட்டுக் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் (ICA) தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதைப் போலவே தோற்றமளித்துக் கட்டணம் கேட்கும் தளங்கள் இருப்பதால், பணம் கேட்கும் பக்கத்தைக் கண்டால் உடனே மூடிவிடுங்கள். அந்த அட்டையில் தங்கப்போகும் முகவரியை எழுத வேண்டியிருக்கும், குடிநுழைவு அதிகாரியும் அதையே கேட்கலாம். எனவே தங்குமிடத்தின் பெயர், சாலை, ஆறு இலக்க அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கடப்பிதழுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் இருக்கிறதே என்று விட்டால், விமான நிலைய வரிசையில் அது மின்சாரம் தீர்ந்து அணைந்து போகும்.

உறவினர் வீடு, வாடகை அறை, ஒரு சட்டம்

அங்கே வேலையில் இருக்கும் உறவினர் வீட்டில் விருந்தினராகத் தங்குவதில் தவறில்லை. ஆனால் அவரே வாடகைக்கு எடுத்த அறையில் மேலும் மூவருடன் இருப்பவராக இருந்தால், வீட்டு உரிமையாளரிடம் கேட்டுச் சொல்லும்படி முன்கூட்டியே கேளுங்கள். ‘வந்துவிடுங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்ற அன்பான பதிலை நம்பி எட்டு நாள் பெட்டியுடன் போய் இறங்குவது அவரைத்தான் சங்கடத்தில் மாட்டிவிடும்.

தெரியாதவர் வீட்டில் ஒரு வாரத்துக்கு அறை எடுப்பது வேறு விவகாரம். சிங்கப்பூர் மக்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள்; தமிழில் அவற்றைச் சுருக்கமாக ‘வீவக வீடு’ என்பார்கள். வீவக வீட்டையோ அதன் அறையையோ ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. தனியார் குடியிருப்புகளுக்கு இந்தக் கால அளவு மூன்று மாதம். ஆகவே வாட்ஸ்அப் குழுக்களில் ‘லிட்டில் இந்தியா தேக்கா அருகில் குடும்ப அறை, நாள் வாடகை, சமைத்துக்கொள்ளலாம்’ என்று வரும் விளம்பரங்கள், எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், சட்டத்துக்குப் புறம்பானவை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மறைந்துவிட்டால் புகார் கொடுக்கவும் நமக்குத் தயக்கமாக இருக்கும். சுற்றுலா விசாவில் செல்பவருக்கு உரிமம் பெற்ற ஓட்டலும், பொதுக் கூடத்தில் படுக்கையை மட்டும் வாடகைக்கு விடும் ஹாஸ்டலுமே வழி.

மலேசியாவின் ஜோகூர் பாருவில் அறை மலிவு, பாலத்தைக் கடந்து தினமும் வந்து போகலாம் என்று சிலர் யோசனை சொல்வதும் உண்டு. அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டர் அளவுதான்; ஆனால் இரண்டு பக்கமும் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும், வார இறுதியில் அந்த வரிசை பல மணி நேரத்தை விழுங்கும். நான்கு நாள் பயணத்தில் இது மிச்சமாகத் தெரியவில்லை எனக்கு.

எந்தப் பகுதியில் தேடுவது

நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லிட்டில் இந்தியா. சிராங்கூன் சாலையும் அதன் கிளைத் தெருக்களும் சேர்ந்த பகுதி அது. ஒரு முனையில் தேக்கா சந்தை, நடுவில் வீரமாகாளியம்மன் கோயில், மேலே போனால் முஸ்தபா கடை, அதற்கும் அப்பால் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸில் சாப்பிடலாம், தேக்கா உணவங்காடியில் தோசையும் பிரியாணியும் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். வயதானவர்களையும், வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களையும் அழைத்துச் செல்பவர்கள் யோசிக்காமல் இங்கேயே தங்கலாம் என்பது என் கருத்து. நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று என்பதால் விமான நிலையத்திலும் ரயில் நிலையங்களிலும் தமிழ் எழுத்து கண்ணில் படும். ஆனால் இந்தப் பகுதியில் கடைக்காரரிடமே தமிழில் வழி கேட்கலாம்.

குறை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை, விடுமுறையில் இருக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் இங்கே கூடுகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புவதும், நண்பர்களைப் பார்ப்பதும், வாரத்துக்கான பொருள் வாங்குவதும் அந்த ஒரு நாளில்தான். நம் ஊர் வாரச்சந்தையைப் பல மடங்கு பெருக்கினாற்போல் இருக்கும். அதில் நம் ஊர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசும் மகிழ்ச்சியே தனி. ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் அறை தேடுவது வேதனை. ஞாயிறு மாலையில் வந்து சேரும்படி பயணத்தை அமைக்க வேண்டாம். சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை இப்பகுதியில் பொது இடத்தில் மது அருந்தத் தடையும் உண்டு. 2013 டிசம்பரில் இங்கு நடந்த கலவரத்துக்குப் பின் 2015இல் வந்த சட்டம் அது.

அடுத்து ஜாலான் புசார், லவெண்டர் பகுதிகள். லிட்டில் இந்தியாவுக்கு நடந்து போகும் தூரம், இரைச்சல் குறைவு, படுக்கை வாடகைக்கு விடும் ஹாஸ்டல்கள் நிறைய. தனியாகச் செல்லும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இந்தப் பகுதியைத்தான். பூகிஸ் பகுதியில் வாடகை சற்றுக் கூடும், ஆனால் இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கும் இடம். சைனாடவுனும் வசதியானதே, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலான, 1827இல் தொடங்கப்பட்ட மாரியம்மன் கோயில் அங்குள்ள சவுத் பிரிட்ஜ் சாலையில்தான் இருக்கிறது. கேலாங் என்ற பெயரில் மலிவான ஓட்டல்கள் வரிசையாக வரும். சாப்பாட்டுக்குப் பெயர்போன இடம்தான், பயப்படவும் தேவையில்லை. ஆனால் அதன் சில சந்துகள் பாலியல் தொழில் நடக்கும் சந்துகள் என்பதைத் தெரிந்துகொண்டு, குடும்பத்துடன் செல்பவர்கள் வேறிடம் பார்ப்பது நல்லது. ஆர்ச்சர்டும் மரினா பேயும் பார்க்க அழகான பகுதிகள். அங்கே தங்கும் வசதியுள்ளவர்களுக்கு இக்கட்டுரை தேவைப்படாது.

பகுதியைத் தேர்ந்தபின் செய்ய வேண்டியது, வரைபடத்தைத் திறந்து எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலின் நிலையத்திலிருந்து அந்த ஓட்டலுக்கு நடைவழியை அளப்பது. ‘நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்’ என்று எல்லா ஓட்டல்களும் எழுதுகின்றன. அது எந்த வாயிலிலிருந்து என்பதை எழுதுவதில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தாலோ எண்ணாலோ குறிக்கப்பட்ட பல வாயில்கள் உண்டு. தவறான வாயிலில் ஏறி வெளியே வந்தால் ஐந்து நிமிடம் பதினைந்தாகும். நம் ஊர் ரவுண்டானாவிலிருந்து பழையபேட்டை வரை உச்சிவெயிலில் பெட்டியுடன் நடப்பதை நினைத்துக்கொண்டு, அதில் புழுக்கத்தையும் திடீர் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை ஆண்டு முழுதும் பெய்யும், நவம்பர் முதல் ஜனவரி வரை கூடுதல். எனவே சரியான வாயிலைக் குறித்துவைத்துக்கொண்டு, அங்கிருந்து 500 மீட்டருக்குள் உள்ள அறையையே தேடுங்கள்.

தேதியைப் பொறுத்து வாடகை எகிறுவதும் உண்டு. செப்டம்பர் அல்லது அக்டோபரில் மரினா பே தெருக்களில் நடக்கும் ஃபார்முலா ஒன் இரவுப் பந்தய வாரம், சீனப் புத்தாண்டு, ஆண்டிறுதி ஆகியவை விலை கூடும் காலங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க அல்லது பார்க்கச் செல்பவர்கள், ஊர்வலம் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலைச் சேர்கிறது என்பதை மனத்தில் வைத்து, அந்தப் பாதையை ஒட்டிய அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும்.

என்ன வகை அறை

என் தாயாருடன் முதல்முறை சென்றபோது, படங்கள் அழகாக இருந்த, வாடகையும் கட்டுப்படியான ஓர் ஓட்டலைப் பதிவு செய்திருந்தேன். பழைய கடைவீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள்; கீழே கடை, மேலே அறைகள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் சாவியைக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாடி என்று மேலே கையைக் காட்டினார். மின்தூக்கி இல்லை. முழங்கால் வலியுள்ள அம்மா, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று நின்று ஏற, நாற்பத்தொரு படி. எண்ணிக்கொண்டே வந்தவர் அவர்தான். அறைக்குள் காற்று வரட்டும் என்று கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய திரைச்சீலையை விலக்கினேன். பின்னால் சன்னல் இல்லை. வெள்ளையடித்த சுவர் இருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, ‘சுவருக்கு எதுக்குடா சேலை கட்டியிருக்காங்க?’ என்றார்.

பிறகு பதிவைத் திறந்து பார்த்தபோது, வசதிகளின் பட்டியலில் மின்தூக்கி என்ற சொல்லே இல்லை. அறையின் பெயரோடு ‘சன்னல் இல்லை’ என்பதும் சிறிய எழுத்தில் இருந்தது. மாற்றிக் கேட்டதற்கு, அன்றைக்கு எல்லா அறையும் நிரம்பிவிட்டது என்றார்கள். பாதிப் பிழை படிக்காத என்னுடையது. சிங்கப்பூரின் குறைந்த வாடகை ஓட்டல்களில் சன்னல் இல்லாத அறை மிகச் சாதாரணம். காற்றுப்பதனம் ஓடும், தூங்குவதற்குக் குறைவிருக்காது, ஆனால் வாசல் திண்ணையும் மொட்டை மாடியுமாக வாழ்ந்த நம் பெரியவர்களுக்கு இரண்டாம் நாளே மூச்சு முட்டும். ஆகவே பதிவு செய்யும் பக்கத்தில் இல்லாததைத் தேடிப் படியுங்கள்: மின்தூக்கி உண்டா, சன்னல் உண்டா, குளியலறை அறைக்குள்ளேயா பொதுவா, கட்டில் ஒன்றா இரண்டா, அறையின் பரப்பு எத்தனை சதுர மீட்டர். பத்துச் சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 108 சதுர அடி; கட்டிலைப் போட்டபின் இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்க இடமிருக்காது.

தனியாகப் போகும் ஒருவர் பெட்டிக்கட்டில் ஹாஸ்டலை அஞ்ச வேண்டியதில்லை. ரயில் பெர்த் போன்ற அடைப்புக்குள் படுக்கை, விளக்கு, மின்செருகி, ஒரு திரை. பொருளுக்குப் பூட்டுப் பெட்டி தனியாக இருக்கும். பூட்டு நம்முடையதாக இருக்க வேண்டும் என்று சில இடங்களில் சொல்வார்கள், எனவே சிறிய பூட்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். பெண்களுக்கு மட்டுமான கூடம் பல ஹாஸ்டல்களில் உண்டு. பலமாகக் குறட்டை விடுபவர்கள், அல்லது விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பையைக் குடைந்து பிளாஸ்டிக் உறைகளைச் சலசலக்க வைப்பவர்கள், பக்கத்துப் படுக்கைக்காரரை எண்ணித் தனி அறை எடுத்துக்கொள்ளலாம்.

குடும்பமாகச் செல்பவர்களுக்கு ஒரு கண்டிப்பான அறிவுரை. இருவர் அறையைப் பதிவு செய்துவிட்டு நால்வராகப் போய் நின்றால் உள்ளே விட மாட்டார்கள்; தங்கும் ஒவ்வொருவரின் கடப்பிதழையும் வாங்கிப் பதிவு செய்வார்கள். குழந்தைகளின் வயதையும் பதிவில் சரியாகக் குறிப்பிடுங்கள். நால்வருக்கு இரண்டு சிறிய அறைகளின் விலையையும் ஒரு குடும்ப அறையின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தால், ஒற்றைக் குடும்ப அறையே எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது.

வாடகைக் கணக்கு

வாடகைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், அதன் மேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அந்தக் கூட்டுத்தொகையின் மேல் 9 சதவீதப் பொருள், சேவை வரியும் உண்டு என்று பொருள். 2024 ஜனவரி 1 முதல் வரி 9 சதவீதமாக இருக்கிறது. 100 வெள்ளி அறைக்குச் சேவைக் கட்டணம் சேர்ந்து 110, அதற்கு வரி 9 வெள்ளி 90 காசு, ஆக 119 வெள்ளி 90 காசு. ஐந்து இரவுக்கு ஏறத்தாழ நூறு வெள்ளி கூடுகிறது. நம் கணக்கில் 7,000 ரூபாய். இரண்டு ஓட்டல்களை ஒப்பிடும்போது, இரண்டுக்கும் வரி சேர்ந்த கடைசித் தொகையை மட்டுமே ஒப்பிடுங்கள்.

பணம் செலுத்தும் அட்டையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு பொதுவாக மூடப்பட்டிருக்கும். வங்கியின் செயலியில் அதை நாமே திறந்துவிட வேண்டும். புறப்படும் முன் திறந்து, வரம்பையும் நிர்ணயித்துக்கொள்ளுங்கள். ஓட்டல்கள் அறைக்கு ஒரு காப்புத்தொகையை அட்டையில் பிடித்துவைக்கும். கிரெடிட் கார்டு என்றால் அது வரம்பில் மட்டும் குறையும், டெபிட் கார்டு என்றால் கணக்கிலுள்ள பணமே முடங்கி, ஊர் திரும்பிய பின்பும் சில நாள் கழித்துத்தான் விடுபடும். பணம் செலுத்தும் கருவி ‘ரூபாயா, சிங்கப்பூர் டாலரா’ என்று கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று சொன்னால் மாற்று விகிதத்தை அவர்கள் விருப்பப்படி வைத்துக்கொள்வார்கள். ஓ.டி.பி. வருவதற்கு நம் ஊர் எண் அங்கே உயிரோடு இருக்க வேண்டும் என்பதால், அந்த சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தேதியில் ஏமாறும் இடம்

கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சிங்கப்பூருக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் பெங்களூர் விமான நிலையத்தையோ சென்னையையோ தேர்கிறார்கள். பெங்களூர் நகரம் கிருஷ்ணகிரியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். ஆனால் விமான நிலையம் நகரின் வடகோடியில் தேவனஹள்ளிப் பக்கம் இருக்கிறது, நாம் நுழைவது ஓசூர் வழியாகத் தெற்கில். ஊரையே குறுக்காகக் கடக்க வேண்டும். மாலை நெரிசலில் அந்தக் கடப்புக்கு மட்டும் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை 260 கிலோமீட்டர் தொலைவு என்றாலும் மீனம்பாக்கம் நாம் நுழையும் பக்கத்திலேயே இருப்பதால், காவேரிப்பட்டணத்துக்காரர்களும் ஊத்தங்கரைக்காரர்களும் அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இரவு விமானங்களே இங்கிருந்து அதிகம். 11ஆம் தேதி இரவு 11 மணிக்குக் கிளம்பும் விமானம் நாலரை மணி நேரம் பறந்து இறங்கும்போது, அங்கே 12ஆம் தேதி காலை 6 மணி. அறையோ பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும். இடையில் எட்டு, ஒன்பது மணி நேரம். இதற்கு வழி இரண்டு. இளைஞராக இருந்தால் நேரே ஓட்டலுக்குப் போய்ப் பெட்டியை மேசையில் ஒப்படைத்து, அடையாளச் சீட்டை வாங்கிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடலாம். ஏறக்குறைய எல்லா ஓட்டல்களும் பெட்டியை வைத்துக்கொள்ளும். பெரியவர்களோ கைக்குழந்தையோ உடன் இருந்தால் 11ஆம் தேதியிலிருந்தே அறையைப் பதிவு செய்து, ‘12ஆம் தேதி அதிகாலைதான் வருவோம், அறையை விடுவித்துவிட வேண்டாம்’ என்று ஓட்டலுக்கு எழுதி, பதிலையும் வாங்கிவையுங்கள். ஓர் இரவு வாடகை கூடும். தூக்கமில்லாத எட்டு, ஒன்பது மணி நேரத்தைப் பெரியவர்கள் எப்படிக் கழிப்பார்கள் என்பதை யோசித்தால், அது வீண்செலவாகத் தோன்றாது.

திரும்பும் நாளில் இதுவே தலைகீழாக நடக்கும். 16ஆம் தேதி அதிகாலை 1 மணி விமானம் என்றால் 15ஆம் தேதி இரவே நீங்கள் விமான நிலையத்தில் இருப்பீர்கள். 15ஆம் தேதி முற்பகல் 11 அல்லது 12 மணிக்கு அறையை ஒப்படைத்துவிட்டு, பெட்டியை மீண்டும் மேசையிலேயே விட்டு, மாலையில் எடுத்துக்கொள்ளலாம்.

சாங்கியிலிருந்து அறை வரை

சாங்கி விமான நிலையத்தின் எம்ஆர்டி நிலையம் இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையில் இருக்கிறது. வீசா (Visa) அல்லது மாஸ்டர்கார்டு நிறுவனத்தின் அடையாளமுள்ள, தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள நம் வங்கி அட்டையையே வாயிலில் காட்டி உள்ளே போகலாம்; ஒவ்வொருவருக்கும் தனி அட்டை வேண்டும், வெளிநாட்டு அட்டை என்பதால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு கூடுதலாகப் பிடிப்பார்கள். இறங்கும்போதும் அதே அட்டையைக் காட்ட மறக்காதீர்கள். ஒரு ரயில் நிலையமே இல்லாத மாவட்டத் தலைநகரிலிருந்து வருபவர்களுக்கு இந்த வாயில்கள் முதல் நாள் சற்று மிரட்டும். இரண்டாம் நாள் பழகிவிடும்.

லிட்டில் இந்தியாவில் அறை எடுத்தவர்கள் பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்கிறேன். அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, நீல நிற டவுன்டவுன் பாதையில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் செல்லும் ரயிலில் ஏறினால், ஜாலான் புசார் நிலையம் முதலில் வரும். லிட்டில் இந்தியா என்ற பெயரையே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால், ரயில் சைனாடவுன், மரினா பே பக்கமெல்லாம் வளைந்து சுற்றி, ஜாலான் புசாருக்குப் பிறகு பத்தாவது நிலையமாகத்தான் லிட்டில் இந்தியாவுக்கு வந்து சேரும். வெளியே வந்து வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு நிலையங்களும் நடந்து போகும் தூரத்தில் இருப்பது தெரியும். ஆகவே சிராங்கூன் சாலையின் தென்பாதியில் அறை என்றால் ஜாலான் புசாரிலேயே இறங்கிப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்துவிடுங்கள். முஸ்தபா பக்கம் என்றால் ஊதா நிறப் பாதையிலுள்ள ஃபேரர் பார்க் நெருக்கம். ஆனால் அதற்கு இன்னொரு முறை மாற வேண்டும். லவெண்டர், பூகிஸ் செல்பவர்கள் எக்ஸ்போவில் இறங்காமல் தானா மேரா வரை போய்ப் பச்சை நிறப் பாதைக்கு மாறிக்கொள்ளலாம்.

நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும். அதன் பிறகு டாக்சிதான். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை மீட்டர் கட்டணத்தின் மேல் பாதிக் கட்டணம் கூடும், விமான நிலையத்திலிருந்து ஏறுவதற்கான தனிக் கூடுதலும் உண்டு. மூவர், நால்வர் சேர்ந்து பெரிய பெட்டிகளுடன் இறங்கினால் பகலிலும் டாக்சியே மேல் என்பேன். பேரம் பேச வேண்டியதில்லை, மீட்டர்தான்.

அறைக்குள் கவனிக்க வேண்டியவை

அங்கே மின்செருகி மூன்று பட்டைக் கால்கள் கொண்டது, நம் உருண்டைக் கால்கள் நுழையாது. மின்னழுத்தம் 230 வோல்ட் என்பதால் வேறு கருவி வேண்டாம்; மாற்றுச் செருகி ஒன்று போதும், ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம். தண்ணீர்ப் புட்டியை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டாம்.

ஊதுபத்தி, கற்பூரம், சாம்பிராணி எதையும் அறையில் கொளுத்தக் கூடாது. கூரையில் உள்ள புகைமானி அலறும், அபராதமும் போடலாம். கும்பிட வேண்டுமென்றால் நடக்கும் தூரத்தில் கோயில் இருக்கிறது. சிறிய மின் அடுப்பைப் பையில் ஒளித்துக்கொண்டுபோய்ச் சாதம் வடிப்பதும் வேண்டாம். டுரியான் பழத்தை ஆசையாக வாங்கினாலும் கடையிலேயே சாப்பிட்டுவிடுங்கள், ஓட்டல்களும் ரயில்களும் அதை உள்ளே விடுவதில்லை. ஊரிலிருந்து மசாலாப் பொடி கட்டும்போது கசகசாவை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். அங்கே அது போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. மெல்லும் புகையிலை, மின்சிகரெட், சூயிங்கம் ஆகியவற்றுக்கும் இடமில்லை.

சாவியைப் பெற்று அறைக்குள் நுழைந்தவுடன், பெட்டியைத் திறப்பதற்கு முன், குளியலறையில் தண்ணீர் வடிகிறதா, காற்றுப்பதனம் குளிர்கிறதா, படுக்கை விரிப்பு சுத்தமா என்று பார்த்து, சுவரிலோ மேசையிலோ ஏற்கெனவே இருக்கும் கீறலையும் கறையையும் படம் எடுத்துவையுங்கள். குறை இருந்தால் அப்போதே கீழே போய்ச் சொல்ல வேண்டும். ஓர் இரவு தூங்கி எழுந்தபின் சொன்னால் எடுபடாது. ஹாஸ்டலில் சாவிக்காகக் கொடுத்த காப்புத்தொகையின் ரசீதைக் கடப்பிதழோடு சேர்த்து வைத்திருந்து, கிளம்பும்போது சாவியைக் கொடுத்த கையோடு பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கிளம்புவதாக இருந்தால் அந்த நேரத்தில் மேசையில் ஆள் இருப்பார்களா என்று முந்தைய மாலையே கேட்டுவையுங்கள்.